கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள வித்யா,

ஆதியின் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் படிவம் இன்னும் கையெழுத்தாகாமல் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நீ இரண்டு காரணம் சொன்னாயாம். கோச் அவனை டிஃபென்சிவ் லைனில், அதாவது எதிரணியை மோதித் தடுக்கிற முன்வரிசையில், நிறுத்தப் பார்க்கிறார், அங்கே நிற்கிற மற்றப் பையன்களுக்கு இவன் காதளவுதான் இருக்கிறான் என்பது ஒன்று. தலையில் அடிபடும் என்பது இன்னொன்று. முதல் காரணத்தைத் தூக்கிப் போட்டுவிடு. இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ஆற அமரப் படி.

உயரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதே வரிசையில் ஆடிப் பெயர் வாங்கிய நம் ஊர்க்காரர் ஆரன் டொனால்டை வைத்துத்தான் பேச வேண்டும். 1991 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். லிங்கன்-லெமிங்டன் பக்கம் வளர்ந்து, பென் ஹில்ஸ் ஹைஸ்கூலில் படித்தார். ஆமாம், நம் வெங்கடேஸ்வரா கோயில் இருக்கிற அதே பென் ஹில்ஸ்தான். பள்ளி முடிக்கும்போது அவருக்குக் கிடைத்தது மூன்று நட்சத்திர மதிப்பீடு. நாடு முழுக்க அலைந்து பையன்களைப் பிடிக்கிற பெரிய பல்கலைக்கழகங்கள் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டவில்லை. உள்ளூர் பிட் பல்கலைக்கழகத்திலேயே 2010-ல் சேர்ந்தார். கடைசி வருஷமான 2013-ல் எதிரணியை, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிய கணக்கு மட்டும் இருபத்தெட்டரை. நாட்டிலேயே அதுதான் அதிகம். அந்த வருஷம் நகுர்ஸ்கி, பெட்னரிக், அவுட்லேண்ட், லொம்பார்டி என்று ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய விருதுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக், கல்லூரி வீரர்களை அளந்து சோதிக்கிற முகாமுக்குக் கம்பைன் என்று பெயர். 2014 கம்பைனில் அளந்தபோது உயரம் 6 அடி 1 அங்குலத்துக்கு ஒரு இழை குறைவு, எடை 285 பவுண்டு, கை நீளம் முப்பத்திரண்டே முக்கால் அங்குலம்கூட இல்லை. அவர் ஆடும் இடத்துக்கு 6 அடி 3, 4 அங்குலமும் 300 பவுண்டுக்கு மேலும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அதே நாளில் 40 யார்டை 4.68 வினாடியில் ஓடினார், 225 பவுண்டு பாரத்தை 35 தடவை தூக்கினார். அந்த எடைக்காரர் அந்த வேகத்தில் ஓடுவது சாதாரணமில்லை. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கிற டிராஃப்டில் பன்னிரண்டு பேர் போன பிறகு பதின்மூன்றாவதாக செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த ராம்ஸே அவருக்கு முன்னால், இரண்டாவது இடத்தில், வேறொருவரை எடுத்திருந்தது. அதன் பிறகு பத்து சீசன், பத்து முறையும் புரோ போல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, எட்டு முறை ஆல்-புரோ என்கிற ஆண்டின் சிறந்தவர்கள் பட்டியலில் முதல் அணி, மூன்று முறை (2017, 2018, 2020) ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். மூன்று முறை அதை வாங்கியவர்கள் அவருக்கு முன் லாரன்ஸ் டெய்லரும் ஜே. ஜே. வாட்டும் மட்டும்தான்.

குள்ளம் என்று ஒதுக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்காதே. உங்கள் டெக்சஸிலேயே, கிங்ஸ்வில்லில் உள்ள சின்னக் கல்லூரியில் ஆடிய ஜான் ராண்டலை 1990 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. அவரும் 6 அடி 1 அங்குலம்தான். மினசோட்டா வைக்கிங்ஸ் சும்மா வந்து பார் என்று கூப்பிட்டது. 137.5 சாக் (பந்தை வீசப் போகிறவரை வீசுவதற்கு முன்பே பிடித்து வீழ்த்துவது) எடுத்துவிட்டு ஹால் ஆஃப் ஃபேமில் போய் உட்கார்ந்தார்.

நீ இந்த ஊரில் வளர்ந்தும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாய். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன். பந்து வைத்திருக்கிற அணிக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட், அதற்கு வெளியே இரண்டு டேக்கிள். டொனால்ட் பெரும்பாலும் நின்றது கார்டின் வெளித்தோளுக்கு எதிரே. 'த்ரீ டெக்னிக்' என்பார்கள். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்கு 'பி கேப்' என்று பெயர். அது அவர் பொறுப்பு. ஓட்ட ஆட்டமானால் அந்தச் சந்தில் யாரையும் விடக் கூடாது. வீசும் ஆட்டமானால் அந்தச் சந்து வழியாகவே, பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கைப் போய்ப் பிடிக்க வேண்டும். எது வரப் போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. பந்து அசைந்த பிறகுதான் தெரியும், அதுவும் அரை வினாடிக்குள்.

குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்திருப்பது இரண்டரையிலிருந்து மூன்று வினாடி. ஓரத்திலிருந்து வருகிறவர் வளைந்து வர வேண்டும். வளைந்து வருகிறவரைப் பார்த்ததும் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் வந்து தப்பிவிடுவார். நடுவிலிருந்து வருகிறவருக்கு நேர் வழி, ஏழெட்டு யார்டு. முன்னால் நகர இடமும் இல்லை, கையை முழுசாக வீசவும் இடம் இல்லை. அதனால்தான் குவார்ட்டர்பேக்குகள் ஓரத்து ஆளைவிட நடுவே வருகிற ஆளுக்கு அதிகம் பயப்படுவார்கள்.

இனி ஆதிக்கு வேண்டியது. தரையில் ஒரு கை ஊன்றி நிற்கும் நிலையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கால்கள் தோளகலம். ஊன்றுகிற கைப் பக்கத்துக் கால் கொஞ்சம் பின்னால், அதன் கட்டைவிரல் முன்காலின் குதிகாலை ஒட்டி. அதற்கு மேல் பின்னால் போனால் முதல் அடி நீண்டுவிடும், உடம்பு நிமிர்ந்துவிடும். கையில் பாரம் எவ்வளவு என்று பார்க்க எளிய வழி உண்டு. அவன் ஊன்றிய கையை நீ திடீரென்று தட்டிவிட்டால் லேசாக முன்னால் சாய வேண்டும், ஆனால் மூக்கு தரையில் இடிக்கக் கூடாது. அசையாமல் நின்றால் பாரம் பின்னால் இருக்கிறது, பந்து அசைந்ததும் புறப்பட நேரமாகும். குப்புற விழுந்தால் கார்ட் ஒரு தட்டில் தரையில் தள்ளிவிடுவான்.

கண் பந்தின் மேல் இருக்க வேண்டும், காது மூடியிருக்க வேண்டும். எந்தச் சத்தத்தில் பந்து வரும் என்று எதிரணிக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. குவார்ட்டர்பேக் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பார்ப்பார். சத்தத்துக்குப் பாய்ந்தால் ஐந்து யார்டு அபராதம். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். மூன்றாவது டவுனில் நாலு யார்டு வேண்டிய நேரத்தில் அந்த ஐந்து யார்டைத் தானமாகக் கொடுத்த பையனை அன்று முழுக்க பெஞ்சில் உட்கார்த்துவார்கள், அது நியாயம்தான். வீட்டில் பழக்க வேண்டுமானால் மாப்பிள்ளையை ஒரு டென்னிஸ் பந்தைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு வாயால் என்ன வேண்டுமானாலும் கத்தச் சொல். பந்து நகர்ந்தால் மட்டும் ஆதி புறப்பட வேண்டும். பத்துப் பத்தாக மூன்று சுற்று போதும். களைத்த பிறகு செய்தால் மெதுவாகப் புறப்படத்தான் பழகுவான்.

முதல் அடி ஆறு அங்குலம். அவ்வளவுதான். பெரிய அடி வைக்கிற பையன் காற்றில் இருக்கும்போதே கார்டின் கை அவன் மார்பில் விழுந்துவிடும். அப்புறம் அவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பயனில்லை. இங்கேதான் உயரம் குறைந்தவனுக்கு லாபம். தோளுக்குக் கீழே தோள் போனவன்தான் தள்ளுவான். நெல் மூட்டையைத் தூக்குகிறவர் இடுப்பை இறக்கி அடியில் தோள் கொடுத்துத்தான் தூக்குவார், அதே கணக்கு. 6 அடி 5 அங்குலக் கார்ட் எவ்வளவு குனிந்தாலும் டொனால்டின் தோள் அவர் தோளுக்குக் கீழேதான் இருந்தது. குட்டைக் கையால் வந்த குறையை அவர் இரண்டு விதத்தில் சரிக்கட்டினார். ஒன்று புறப்படும் வேகம். கார்ட் கையை நீட்டுவதற்குள் அவர் தோளருகே வந்துவிடுவார். இன்னொன்று கை வேலை.

கை வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பையன்கள் எல்லோரும் பாரம் தூக்குவதையே நினைத்துக்கொண்டு இதை விட்டுவிடுவார்கள். கார்ட் இரண்டு கையாலும் மார்புக் கவசத்தின் ஓரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். அந்தக் கை தன்னைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டித் தள்ள வேண்டும். வெட்டுகிற கணத்திலேயே அதே பக்கத்து இடுப்பும் காலும் கார்டைத் தாண்டியிருக்க வேண்டும். கை முதலில், கால் பிறகு என்று செய்தால் கார்ட் திரும்ப நிலைகொண்டுவிடுவார். கால் முதலில், கை பிறகு என்றால் மார்பைத் திறந்து கொடுத்த மாதிரி. டொனால்டின் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கையும் காலும் ஒரே நேரத்தில் போவது தெரியும். இன்னொன்றும் கவனி. அவர் கார்டின் நடு மார்பை நோக்கிப் போவது குறைவு, ஒரு தோளைத்தான் குறிவைப்பார். பாதி ஆளோடு மட்டும் மோதினால் போதும் என்பது கணக்கு. பிட்ஸ்பர்க்கில் அவருடைய பயிற்சியாளர் இரண்டு கையிலும் கத்தியை வைத்துக்கொண்டு குத்த வருவது போலவும் இவர் தட்டிவிடுவது போலவும் ஒரு வீடியோ வந்து ஊரெல்லாம் பதறியது. நிஜக் கத்தி இல்லை, பொம்மைதான். ஆதி அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் வந்தால் விரட்டிவிடு. நீச்சல் குளத்தில் மிதக்கவிடுகிற நுரைக் குழாய் ஒன்றை இரண்டாக வெட்டி யாராவது நீட்டினால் போதும்.

ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனைக் கார்ட் மூன்றாவது தடவை காத்திருந்து பிடிப்பார். ஆனாலும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஏழு தந்திரம் தேவையில்லை. நேராகத் தள்ளுவது ஒன்று, கையை வெட்டித் தாண்டுவது ஒன்று, கார்ட் முன்னால் சாய்ந்து வந்தால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவது ஒன்று. கார்டின் பாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து மூன்றில் ஒன்று. குதிகாலில் நிற்கிறவனைத் தள்ளு, விரல் நுனியில் நிற்கிறவனை இழு. இந்தப் பார்வை வருவதற்கே ஒரு சீசன் போய்விடும்.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? டொனால்டுக்கு இது பாதி ஆட்டத்துக்கு மேல் நடந்தது. சென்டரும் கார்டும் சேர்ந்து அவரை அடைப்பார்கள். பையனுக்கான விதி எளிது: பக்கத்திலிருந்து இரண்டாவது ஆள் வருவது தெரிந்ததும் அந்தப் பக்கத்து இடுப்பை இறக்கி அவன் மேல் சாய வேண்டும், திரும்பிக் கொடுக்கக் கூடாது. தாங்க முடியவில்லையா, அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டு குவியலாகிவிட வேண்டும். பின்னால் தள்ளப்படுவதைவிட அது மேல். இவன் இரண்டு பேரைப் பிடித்து வைத்தால் பின்னால் நிற்கிற லைன்பேக்கர் ஒருவன் யாரும் தொடாமல் ஓடுவான். அவன் பிடிப்பான், கைதட்டல் அவனுக்கு. இதை இப்போதே ஆதிக்குச் சொல்லிவை. லெனர்ட் ஃபிளாய்ட் என்பவர் 2019-ல் சிகாகோவில் எடுத்தது 3 சாக். 2020-ல் ராம்ஸுக்கு வந்து டொனால்டோடு ஒரே வரிசையில் நின்றார், 10.5. ஒரே வருஷத்தில் மனுஷன் மூன்று மடங்கு கெட்டிக்காரர் ஆகிவிடவில்லை. எதிரணி ஆட்களை டொனால்ட் பக்கம் அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். வேகமாக உள்ளே பாய்கிறவனை வைத்தே ஓட்டம் போடுவார்கள். கார்ட் வேண்டுமென்றே வழிவிடுவான். இவன் 'ஆகா' என்று உள்ளே போவான், பக்கவாட்டிலிருந்து இன்னொரு கார்ட் வந்து விலாவில் மோதுவான், பந்து இவன் விட்டுவந்த சந்து வழியாகப் போகும். 'டிராப்' என்று பெயர். யாரும் தடுக்காமல் வழி திறந்தால் அது பரிசு இல்லை என்று நினைத்து, நின்று, உள்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டாவது, குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய்விடுவது. அவர் இருக்கிற ஆழத்துக்கு மேல் ஒரு அடி போனாலும் முன்னால் ஓட வழிவிட்டதாகும். மூன்றாவது, கை வெட்டும்போது கார்டின் முகக்கம்பியில் விரல் போவது. அபராதம் ஒருபுறம், விரல் முறிவது மறுபுறம். பல தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு ஆடுவது அதனால்தான்.

சாக் எண்ணிக்கையை வைத்து மட்டும் யாரையும் மதிப்பிடாதே. 1982-லிருந்துதான் அதை அதிகாரபூர்வமாக எண்ணவே தொடங்கினார்கள். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஆளுக்கு அரை. 2018-ல் டொனால்ட் எடுத்தது 20.5. அப்போது ஒரு சீசன் சாதனையாக இருந்த மைக்கேல் ஸ்ட்ரஹானின் 22.5-க்கு இரண்டு குறைவு, அதுவும் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நின்று. அதே வருஷம் குவார்ட்டர்பேக்கை இடித்தது 41 தடவை. இடித்ததில் பாதி கணக்கில் ஏறவில்லை, ஆனால் இடிபட்டவர் அடுத்த தடவை அவசரப்பட்டுத்தான் வீசுவார்.

இதெல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வந்தது 2022 பிப்ரவரி 13-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் நடந்த சூப்பர் போலில், அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தில். ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது. சின்சினாட்டிக்கு வேண்டியது ஒரே ஒரு யார்டு, கையில் இரண்டு வாய்ப்பு. மூன்றாவது டவுனில் சமாஜே பெரைன் பந்தோடு ஓடினார். டொனால்ட் ஒரு இம்மிகூட விடாமல் நிறுத்தினார். நாலாவது டவுனில் ஜோ பர்ரோ பின்னால் நின்று வீசப் போனார். டொனால்ட் கார்டைத் தாண்டி இடுப்பைப் பிடித்து அவரைச் சுழற்றிவிட்டார். பந்து யார் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது. அந்த நேரம் ஜாமார் சேஸ் தூரத்தில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். பர்ரோவுக்கு இன்னும் ஒரு வினாடி கிடைத்திருந்தால் ஆட்டமே மாறியிருக்கும். இந்தக் கடைசிப் பிடி சாக் கணக்கில் இல்லை பார். அன்று ராம்ஸ் எடுத்த 7 சாக்கில் இரண்டு டொனால்டுடையது, ஆனால் ஆட்டத்தை முடித்தது கணக்கில் சாக்காக ஏறாத அந்த ஒன்று.

பணத்தைப் பற்றி மாப்பிள்ளை கேட்பார் என்று தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாலு வருஷ ஒப்பந்தம் சுமார் 1 கோடி டாலர். 2017-லும் 2018-லும் தன் மதிப்புக்குத் தகுந்த சம்பளம் வராமல் பயிற்சி முகாமுக்கு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தார். 2017-ல் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார், அந்த ஆட்டத்தை ஆடவில்லை, அப்படியும் அந்த வருஷ விருது அவருக்குத்தான். வீட்டில் இருந்தபோதும் பயிற்சியை விடவில்லை என்று இதற்கு அர்த்தம். 2018 ஆகஸ்ட் கடைசி நாளில் ஆறு வருஷத்துக்கு 13.5 கோடி டாலர் கையெழுத்தாயிற்று. அதில் உறுதியானது 8.7 கோடி. இந்த ஆட்டத்தில் செய்தித்தாளில் வருகிற பெரிய எண்ணைப் பார்க்கக் கூடாது, உறுதியான எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மீதியை அணி எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். மறுநாளே கலீல் மேக் அவரைவிட அதிகம் வாங்கினார். 2022-ல் இவருடைய மூன்று வருஷத்தை 9.5 கோடியாக மாற்றி எழுதினார்கள்.

ஆனால் இதை ஆதியின் வருங்காலக் கணக்கில் எழுதாதே. இந்த நாட்டில் பள்ளி அளவில் ஆடுகிற பையன்கள் சுமார் 10 லட்சம். டொனால்ட் வந்த 2014 டிராஃப்டில் எடுத்தது 256 பேரை. எடுக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் மூன்று நாலு வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவன் ஆடட்டும். படிப்புச் செலவுக்கு வழி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கணக்குப் பாடத்தைப் பார்க்கச் சொல்.

உடம்பு கொடுக்கிற விலையையும் பார். டொனால்ட் 2021 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃபில் விலாக் குருத்தெலும்பு கிழிந்து வெளியே வந்தார். அடுத்த வாரம் கிரீன் பே-க்கு எதிராக ஆடினார், ஆனால் பழைய ஆள் இல்லை. 2022 நவம்பரில் கான்சஸ் சிட்டி ஆட்டத்தில் கணுக்காலுக்கு மேலே சுளுக்கு, மீதி சீசன் போயிற்று. எட்டரை சீசன் ஆடிய பிறகு காயத்தால் அவர் ஆட்டம் தவறியது அதுதான் முதல் தடவை. இந்த மேல் சுளுக்கு சாதாரணச் சுளுக்கு இல்லை. கீழ்க்காலின் இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நாண் கிழிவது. பாதம் வெளிப்பக்கம் திரும்பி இருக்கும்போது பின்காலில் யாராவது விழுந்தால் வரும். லைனில் நிற்கிறவனுக்கு அது தினப்படி ஆபத்து. ஆதிக்கு வந்தால் வீக்கம் குறைவாக இருக்கிறதே என்று ஏமாறாதே. வெளிக் கணுக்காலைத் தொட்டால் வலிக்காமல் முன்பக்கம் மேலே வலித்தால், ஒற்றைக்காலில் எம்ப முடியாவிட்டால், எலும்பு டாக்டரிடம் போ. டொனால்ட் 2023-ல் திரும்ப வந்து 8 சாக் எடுத்து எட்டாவது முறை ஆல்-புரோ ஆனார், 2024 மார்ச்சில் 32 வயதில் ஓய்வு அறிவித்தார். மொத்தம் 111 சாக். இன்னும் ஆடக்கூடிய நிலையில் போனதுதான் அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்த காரியம்.

இனி நீ பயப்படுகிற விஷயம். பயப்படுவது சரிதான். 2002-ல் பிட்ஸ்பர்க் பிண அறையில், ஸ்டீலர்ஸ் சென்டராக இருந்த மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, குத்துச்சண்டைக்காரர்களிடம் பெரும்பாலும் பார்த்து வந்த ஒரு சிதைவை அங்கே கண்டார். 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளையைப் பார்த்ததில் 110-ல் அது இருந்தது. உயிரோடு இருந்தபோதே அறிகுறி தெரிந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கும், ஆகவே எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர்களே 2019-ல் சொன்னது இன்னும் முக்கியம்: எத்தனை முறை மயங்கி விழுந்தான் என்பதைவிட எத்தனை வருஷம் ஆடினான் என்பதுதான் கணக்கு. ஆடுகிற ஒவ்வொரு 2.6 வருஷத்துக்கும் அபாயம் இரட்டிப்பாகிறது. லைனில் நிற்கிறவனுக்கு ஒரு பெரிய அடி கிடைப்பது அபூர்வம், சின்னச் சின்ன இடி ஒவ்வொரு ஆட்டத்திலும் கிடைக்கும். அவன் ஏழு வயதில் தொடங்காமல் பதினாலில் தொடங்குவது ஒருவிதத்தில் நல்லதே.

அதனால் கோச்சை நேரில் பார்த்துக் கேள். வாரத்தில் முழு மோதல் பயிற்சி எவ்வளவு? டெக்சஸில் பள்ளி விளையாட்டை நடத்துகிற யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி ஆட்டப் பருவத்தில் ஒரு பையனுக்கு வாரம் 90 நிமிடம்தான். நல்ல கோச் அதிலும் குறைத்துத்தான் வைப்பார். '90 நிமிடம் எப்படிப் போதும்' என்று அவர் அலுத்துக்கொண்டால் உனக்கு விடை கிடைத்துவிட்டது. பிடிப்பதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரு நாள் நின்று பார். முகம் நிமிர்ந்து, கண் எதிராளியின் இடுப்பில், தோள் முதலில், தலை பக்கத்தில் இருக்க வேண்டும். தலையைக் குனிந்து உச்சியால் இடிக்கிறவனுக்குக் கழுத்தெலும்பு நேர்கோட்டில் வந்துவிடும், அந்த நேரத்தில் விழும் இடி முதுகுத்தண்டில் இறங்கும். தலை குனிந்த பையனைக் கோச் விசில் ஊதி நிறுத்துகிறாரா, 'நல்ல அடி' என்று முதுகில் தட்டுகிறாரா, அதைப் பார்த்தாலே போதும்.

காயத்தைப் பார்த்துக்கொள்கிற அத்லெடிக் டிரெய்னர் ஒருவர் மைதானத்தில் பயிற்சி நேரம் முழுக்க இருக்கிறாரா என்று கேள். ஆகஸ்ட் வெயிலில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி தயாராக இருக்கிறதா என்று கண்ணால் பார். வெயில் தாக்கி நிலை தடுமாறினவனை முதலில் அந்தத் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும், ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு. உடம்பு பெரிசாக இருக்கிற லைன் பையன்களுக்குத்தான் இது அதிகம் வரும். தலையில் அடிபட்டால் அன்றைக்குத் திரும்ப மைதானத்துக்குள் விடக் கூடாது. டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகும் லேசான ஓட்டத்திலிருந்து முழு மோதல் வரை படிப்படியாக, ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தலைவலியை மறைப்பான், அந்த வயது அப்படி. வெளிச்சம் கண் கூசுகிறதா, பாடம் படிக்க முடிகிறதா, எரிந்து விழுகிறானா என்று நீதான் கவனிக்க வேண்டும்.

சாப்பாடு, பாரம் இரண்டையும் பற்றி மாப்பிள்ளைக்கு ஆர்வம் அதிகம், அதனால் ஒரு எச்சரிக்கை. டொனால்டின் அப்பா வீட்டு அடித்தளத்தில் பாரம் தூக்கும் அறை கட்டி, சின்ன வயதிலேயே மகனைக் காலை நாலரை மணிக்கு எழுப்பித் தன்னோடு பழக்கினார். அருமைதான், ஆனால் அந்த நாலரையை நகலெடுக்காதீர்கள். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், தூக்கம் கெட்ட உடம்பில் பாரம் சதையாகாது. வாரத்துக்கு மூன்று நாள், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்க, எட்டு பத்து தடவை சுத்தமாகத் தூக்கக்கூடிய பாரம் போதும். ஒரே தடவைக்கு எவ்வளவு முடியும் என்கிற பந்தயம் வேண்டாம். எடை கூட்டுவதற்கென்று பவுடர் டப்பா வாங்க வேண்டாம். முட்டை, பருப்பு, தயிர், கோழி, இரண்டு வேளைக்குப் பதில் நாலு வேளையாகப் பிரித்துக் கொடு. வயிற்றைப் பெரிதாக்கிக்கொண்டு போய் லைனில் நிற்கிற பையனுக்கு முதல் அடியே போய்விடும்.

கோச் சரியாகப் பதில் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடு. சொல்லாவிட்டால் இந்த வருஷம் மோதல் இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் ஆடட்டும், தட்டுத் தடங்கல் இல்லாமல் காலும் கையும் பழகும்.

ஹெல்மெட் கொடுக்கிற அன்று நீயும் கூடப் போ. பத்து வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டில் தேதி இருக்கும். வர்ஜினியா டெக் நட்சத்திர மதிப்பீட்டில் அந்த மாடல் ஐந்து நட்சத்திரம்தானா என்று போனில் பார்த்துக்கொள். தலைமுடியை நனைத்துப் போட்டுப் பார்க்கச் சொல், வியர்த்த தலை அப்படித்தான் இருக்கும். முன்பட்டை புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை. ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலம் ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிசு. கன்னப் பஞ்சு இரண்டு பக்கமும் தொட வேண்டும், தாடைப் பட்டையின் நாலு கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். காற்று அடைக்கும் வகை என்றால் வாரம் ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டும். அவன் எப்போது முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் மறுபடி அளவு பார்க்கச் சொல், ஒட்ட வெட்டின தலைக்குப் பழைய அளவு தளர்ந்துவிடும்.

அன்புடன்,
அம்மா